அப்பாவின் ஜவுளிக்கடையில் போய் உட்காரப் போகிறவர்களுக்கு

மதுரை விளக்குத்தூணிலிருந்து ஐந்து நிமிட நடையில் எங்கள் கடை. தாத்தா துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கம் ஊர் ஊராகப் போய் விற்றவர். அப்பா அதை மூன்று மாடிக் கடையாக்கினார். நான் சென்னையில் ஃபேஷன் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு, 2008-ல், 23 வயதில், ஏசிக் காற்று நேராக முகத்தில் படும் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். மூன்று தலைமுறையில் நான் செய்த உழைப்பு அவ்வளவுதான்.

வசதியைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். கார் இருக்கிறது, வீடு இருக்கிறது, மாதக் கடைசி என்றால் என்னவென்று சின்ன வயதில் எனக்குத் தெரியாது. ஆனால் இந்த வாழ்க்கையில் ஒரு பெரிய கோளாறு உண்டு. நீங்கள் ‘சின்ன முதலாளி’ ஆன அன்றிலிருந்து உங்களிடம் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். சேல்ஸ்மேன், சூரத் ஏஜென்ட், பேங்க் மேனேஜர், கல்யாணத் தரகர், எல்லோருக்கும் நீங்கள் புத்திசாலிதான். நான் இங்கே எழுதுவதெல்லாம் உண்மையை எங்கே போய் எப்படிப் பிடித்து வருவது என்பது பற்றித்தான்.

முதலில் என் கதை. 2013 தீபாவளிக்கு சூரத்திலிருந்து நெட் சேலை 600 எடுத்தேன். ஒன்று ரூ.1,150. மொத்தம் ரூ.6,90,000. சாம்பிளை மெத்தையில் விரித்துப் போட்டு, பையன்களை எல்லாம் கூப்பிட்டு, “எப்படி இருக்கு?” என்று கேட்டேன். “சூப்பர் தம்பி” என்றார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார். பொங்கல் வரை விற்றது 140. அடுத்த இரண்டு ஆடித் தள்ளுபடியிலும் போட்டுப் பார்த்தோம், பெரிதாக நகரவில்லை. மிச்சத்தைக் கடைசியில் நடைபாதை வியாபாரி ஒருவருக்கு ரூ.400 வீதம் கட்டிக் கொடுத்தோம். மூட்டையைத் தூக்கிவிட்ட அண்ணன், முப்பது வருடமாக எங்கள் கடையில் நிற்பவர், அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“இந்தத் துணி வேர்வைக்கு ஒட்டும் தம்பி. நம்ம ஊர் வெயில்ல ஒருதடவை கட்டுனா மறுதடவை கட்ட மாட்டாங்க. வாங்கும்போதே தெரியும்.”

“அப்புறம் ஏண்ணே சொல்லல?”

“எப்படி இருக்குன்னு கேட்டீங்க. விக்குமான்னு கேக்கலையே.”

ஆக, முதல் வேலை கேள்வியை மாற்றுவது. “எப்படி இருக்கு?” என்று இனி எந்தத் துணியைக் காட்டியும் கேட்காதீர்கள். “இதில் பத்து உங்கள் ரேக்கில் வைத்தால் எத்தனை நாளில் காலியாகும்? யார் வாங்குவார்கள்?” என்று கேளுங்கள். உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பது முகத்தில் தெரியக்கூடாது. ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டமாகக் கேட்டால் முதல் ஆள் சொன்னதையே எல்லோரும் சொல்வார்கள். நான் இப்போது ஒரு சிட்டையைக் கொடுத்து எண்ணை மட்டும் எழுதச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஏழு சிட்டையில் நாலு ‘60 நாள்’ என்று வந்தால் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் ஏஜென்ட்டுக்கு ஒரு கும்பிடு.

சேலை மடிக்கப் படியுங்கள்

முதல் ஆறு மாதம் கல்லாப் பக்கமே போகாதீர்கள். அங்கே உட்கார்ந்தால் பணமும் பில்லும் தெரியும், துணி தெரியாது. மடிக்கிற இடத்துக்குப் போங்கள். ஒரு வீட்டார் பார்த்துவிட்டுப் போனால் மெத்தையில் நாற்பது சேலை மலை மாதிரிக் கிடக்கும். ஒவ்வொன்றையும் பழைய மடிப்பிலேயே திருப்பி மடிக்க வேண்டும். மடிப்பு கோடு மாறினால் புதுச் சேலைக்குக் கட்டிய சேலையின் முகம் வந்துவிடும், அப்புறம் அது தள்ளுபடிக்குத்தான் போகும். பட்டுக்கு நேர் எதிர்: சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் மடிப்பிலேயே ஜரிகை ஒடியும், பட்டு கீறும். இந்த இரண்டையும் எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட ஒரு பையன், முந்தியைத் தாடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூன்று வீச்சில் மடித்துக் காட்டிச் சொல்லிக் கொடுத்தான்.

மடிக்க மடிக்கத்தான் கைக்குத் துணி பழகும். கண்ணை மூடிக்கொண்டு நூல் கலப்படத்தைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. கைக்குச் சந்தேகம் வந்தால் நெருப்பு இருக்கிறது. பார்டர் ஓரத்திலிருந்து நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்று, குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒன்று உருவித் தனித்தனியாகக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு முடி கருகும் வாடையோடு எரியும், கருப்புச் சாம்பலை விரலில் நசுக்கினால் பொடியும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் குண்டுமணி மாதிரி கெட்டியாக நிற்கும். பாவு மட்டும் பட்டு, ஊடை வேறு என்று கொண்டுவந்து வைப்பவர்கள் உண்டு, அதனால்தான் இரண்டு நூலையும் கொளுத்தச் சொல்கிறேன். ஏஜென்ட் முன்னாலேயே கொளுத்துங்கள். அதற்குப் பிறகு அவர் உங்களிடம் பேசும் தொனியே வேறு.

சுங்குடி, அதாவது முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் சேலை விஷயத்தில் நான் வாங்கிய அடியையும் சொல்லிவிடுகிறேன். மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் கடையிலும் ‘ஒரிஜினல் சுங்குடி’ என்று அட்டை போட்டு ஒரு ரேக் இருந்தது. ஒருநாள் திருமலை நாயக்கர் மகால் பக்கத்துத் தெருவில் முடிச்சுப் போடும் ஒரு சௌராஷ்டிரா வீட்டுக்குப் போனேன். பாட்டி தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். துணியைத் துளி மாதிரி நகத்தால் கிள்ளி எடுப்பார், நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குவார், அடுத்த துளிக்கு விரல் போய்விடும். பார்வை மட்டும் தெருவில்தான். ஒரு சேலையில் இப்படிப் பத்தாயிரம், இருபதாயிரம் முடிச்சு வரை போகும். சாயத்தில் முக்கிக் காயவைத்தபின் இரண்டு பேர் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுப்பார்கள். படபடவென்று முடிச்சுகள் தெறிக்கும். முடிச்சு இருந்த இடத்தில் வெள்ளை வளையம், அதன் நடுவில் சாய நிறத்தில் ஒரு புள்ளி. எந்த வளையமும் சரியான வட்டம் கிடையாது, ஒன்று மாதிரி இன்னொன்றும் இருக்காது.

பெருமையாக எங்கள் கடைச் சேலை ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். பாட்டி திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெளிறியிருந்தது, புள்ளிகள் எல்லாம் அளவெடுத்த மாதிரி.

“இதுல முடிச்சு எங்கப்பா?”

அச்சுச் சேலையை ஒரிஜினல் என்று பல வருடமாக விற்றிருக்கிறோம். வேண்டுமென்று செய்ததில்லை, யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொல்லவில்லை. பாட்டிக்கு நான் சம்பளம் கொடுப்பதில்லை, அதனால் சொன்னார். அடுத்த வாரமே ‘கை முடிச்சு’, ‘பிரிண்ட்’ என்று இரண்டு ரேக்காகப் பிரித்தோம். பிரிண்ட் மோசமான சேலை அல்ல, வெயிலுக்கு நல்ல துணிதான். பெயரை மட்டும் சரியாகப் போட வேண்டும், விலையையும்.

இங்கேயே பணம் கொடுப்பதையும் சொல்லிவிடுகிறேன். குறு, சிறு தொழில்களிடம் சரக்கு எடுத்தால் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள்தான். கூலிக்கு முடிச்சுப் போடுபவர்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் ஆகாது. சேலை வந்த அன்றே கையில் கொடுங்கள். நம் கடை கொடுக்கும் தேதியை வைத்துத்தான் தெருவில் நம் பெயர்.

செய்முறைச் சேலையை மதியுங்கள்

படித்துவிட்டு வரும் எல்லோரும் செய்கிற முதல் தப்பு: டிசைனர் பிளவுஸ், கிராப் டாப், லெஹங்கா என்று முன்பக்கத்தை மாற்றிவிட்டு, ரூ.400, ரூ.600 சேலைகளைப் பின் அறைக்குத் தள்ளுவது. நானும் தள்ளினேன். நம் பக்கத்துக் காது குத்து, சடங்கு, கிரகப்பிரவேசம், எல்லாவற்றுக்கும் செய்முறை உண்டு, அதாவது உறவுக்காரர்கள் வைக்கும் சீர். தாய்மாமன் வீட்டார் ஒருநாள் வந்தால் தட்டில் வைக்க ஒன்று, சம்பந்திக்கு ஒன்று, நாத்தனார்களுக்கு ஆளுக்கு ஒன்று என்று முப்பது சேலையும் இருபது வேட்டியும் எடுப்பார்கள். யாருக்கு எந்த விலையில் எடுத்தார்கள் என்பது அந்தக் குடும்பத்தில் பத்து வருடம் பேசப்படும். இந்தப் பகுதியில் நிற்கிற சேல்ஸ்மேனுக்கு வியாபாரத்தை விட உறவுமுறை தெரிய வேண்டும். “மூத்த மருமகளுக்கு எடுத்ததைவிட நூறு ரூபாய் கம்மியா வேண்டாம்க்கா, அப்புறம் பேச்சு வரும்” என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும். எங்கள் நெட் சேலையைப் பற்றிக் கடைசியில் உண்மை சொன்ன அண்ணன் இந்தப் பகுதிக்காரர்தான். மேலூர்ப் பக்கம் அறுப்பு முடிந்ததா, எந்த ஊரில் சாமி கும்பிடு வருகிறது என்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். என் மேசையில் இருக்கும் அறிக்கை போன மாதத்தைச் சொல்கிறது, அவர் அடுத்த மாதத்தைச் சொல்கிறார்.

இன்னொரு ஆள், வாசலில் டூவீலர் பார்த்துக்கொள்கிறவர். வாங்காமல் போகிறவர்கள் உள்ளே “அப்புறம் வர்றோம்” என்பார்கள். நிஜக் காரணத்தை வண்டியைத் திருப்பும்போது வீட்டுக்காரரிடம் சொல்வார்கள். ‘பிளவுஸ் பிட் வேற கலரா இருக்கு’, ‘டிரையல் ரூம்ல லைட்டே இல்ல’, ‘அந்தப் பொண்ணு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கு’. சனிக்கிழமை இரவு கடை அடைத்ததும் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பத்து நிமிடம் பேசுங்கள். நான் செய்கிற செலவிலேயே நல்ல வட்டி தருவது அந்த டீதான்.

மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்த பெண்ணைப் பற்றி: காலை பத்து முதல் இரவு ஒன்பது வரை நின்றால் யாருக்கும் மூஞ்சி அப்படித்தான் ஆகும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். ஸ்டூல் வாங்கிப் போடுங்கள். போட்டால் மட்டும் போதாது, உட்கார்ந்தால் முறைக்காதீர்கள்.

டிக்கெட்டின் பின்பக்கம்

ஒவ்வொரு சேலையின் விலை டிக்கெட்டின் பின்பக்கத்திலும் அது வந்த மாதத்தைப் போடுங்கள். நாங்கள் ரகசிய எழுத்தில் போடுகிறோம், வாடிக்கையாளருக்குப் புரியாது. மாதம் ஒருநாள் நீங்களே ஒரு ரேக்கைக் காலி செய்து ஒரு வருடம் தாண்டியதைத் தனியாக எடுங்கள். ரூ.500 போட்டு வாங்கிய சேலைக்கு வருடம் 12 சதவீத வட்டி என்றால் அலமாரியில் சும்மா கிடந்தே ரூ.60 தின்கிறது. மூன்று வருடத்தில் ரூ.180.

தள்ளுபடியும் இதே மாதிரிதான். அந்தச் சேலைக்கு நாம் போடும் விலை ரூ.700. ‘40 சதவீதம் லாபம்’ என்று மனசுக்குள் இருக்கும். ஆடிக்கு 20 சதவீதம் குறைத்தால் ரூ.560. மிச்சம் ரூ.60. கரண்ட், சம்பளம், வாடகை எல்லாம் விற்பனையில் 15 சதவீதம் என்று வைத்தால் ரூ.84 போகும். ஒவ்வொரு சேலைக்கும் ரூ.24 கையிலிருந்து கொடுத்து விற்கிறோம். தேங்கின சரக்கைத் தள்ள இது சரி. ஓடுகிற சரக்கை ஆடிக் கூட்டத்தில் இப்படி விற்றுவிட்டு, கல்லா நிறைந்ததைப் பார்த்து நான் ஒருமுறை வீட்டில் பிரியாணி வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

ரெடிமேடு பகுதி வைத்திருந்தால் ஜிஎஸ்டி எல்லையையும் மறக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல், தைத்த உடை ஒன்று ரூ.2,500 வரை 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. ரூ.2,490 போட்டால் வரியோடு ரூ.2,614.50. ரூ.2,600 போட்டால் ரூ.3,068. நூற்றிப் பத்து ரூபாய் ஆசைக்கு வாடிக்கையாளர் தலையில் நானூற்றைம்பது ஏறுகிறது.

பீரோவில் இருக்கும் பத்திரம்

அப்பா நன்றாக இருக்கும்போதே பார்ட்னர்ஷிப் பத்திரத்தை வாங்கிப் படியுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். நான் மூன்று வருடம் தள்ளிப்போட்டேன். 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, பார்ட்னர் ஒருவர் இறந்தால் ஃபர்ம் கலைந்துவிடும். அப்பா, மகன் என்று இரண்டே பேர் இருந்தால் எப்படி எழுதியிருந்தும் பயனில்லை, ஒருவர் மட்டும் பார்ட்னராக இருக்க முடியாது. பதிவு செய்யாத ஃபர்ம் என்றால் பாக்கி வைத்தவர் மேல் வழக்குப் போடக்கூட வழியில்லை. எங்கள் பத்திரத்தில் இரண்டு பெயர்தான் இருந்தது. ஆடிட்டரிடம் போய், மூன்றாவது பெயராகத் தங்கையைச் சேர்த்தோம்.

தங்கையைச் சேர்த்ததை உறவில் சிலர் தியாகம் மாதிரிப் பேசினார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. பூர்வீகச் சொத்தில், அதற்குள் கல்யாணமாகாத பெண்களுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தாகிவிட்டது, நாடு முழுவதுக்கும் 2005-ல். அதைவிட, கடையில் என்னை “லூசாடா நீ?” என்று கேட்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான். குழந்தைகள் பகுதியை இப்போது அவள்தான் பார்க்கிறாள். ரூ.1,00,000-க்கு மேல் எந்தக் கொள்முதலானாலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். நெட் சேலைக்கு முன்னால் இதை வைத்திருக்கலாம்.

பேரேட்டில் எழுதாத கடன் ஒன்றும் இருக்கும்: பணிக்கொடை. அஞ்சு வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாகக் கணக்கிட்டு. அடிப்படைச் சம்பளம் ரூ.20,000 வாங்கும் ஆள் 32 வருடம் இருந்திருந்தால் ரூ.3,69,230. அவர் ‘போதும் தம்பி’ என்று சொல்லும் நாளில் இதைக் கொடுக்கப் பணம் இருக்கவேண்டும். மாதாமாதம் தனியாக எடுத்து வைக்கிறோம். 2020 மார்ச் 25 ஊரடங்கில், சித்திரைத் திருவிழாவுக்கும் வைகாசி முகூர்த்தத்துக்கும் வாங்கிக் குவித்த சரக்கோடு ஷட்டரை இறக்கினோம். அப்போது தனியாக வைத்திருந்த பணத்தில்தான் சம்பளம் போட்டோம், பிறகு திரும்ப நிரப்பினோம்.

வீட்டுச் செலவுக்கு நீங்களும் மாதச் சம்பளமே எடுங்கள். கல்லாவில் கைவிடும் பழக்கம் ஒருமுறை வந்தால் போகாது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கேஷியரும் ஒருநாள் பழகிக்கொள்வார். நன்கொடைக்கு வருடத்துக்கு ஒரு தொகை எழுதி வையுங்கள். மண்டகப்படி, அன்னதானம், கபடிப் போட்டி என்று ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவர்களிடம் “இந்த வருஷக் கணக்கு முடிஞ்சதுண்ணே, அடுத்த சித்திரைக்கு வாங்க” என்று சொல்ல அது கை கொடுக்கும். பெண் பார்க்கும் படலத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, என் மனைவி இதைப் படிப்பாள்.

அப்பா இன்னமும் 11 மணிக்கு வருவார். அவர் நாற்காலியை எடுக்காதீர்கள். வேலை நேரத்தில் அவர் முன்னால் சேல்ஸ்மேனைத் திட்டாதீர்கள், திட்டினால் அவர்கள் உங்களை விட்டு அவரிடம் போய் நிற்பார்கள், கடைக்கு இரண்டு கல்லா ஆகிவிடும். சாயங்காலம் தனியாக நின்று பேசிக்கொள்ளுங்கள்.

போன மே மாத லீவில் என் மகள் கடைக்கு வந்தாள், பதினோரு வயது. பாவாடை சட்டைப் பகுதியில் ஊதாவும் பச்சையுமாக ஒன்றை எடுத்து, “இது நல்லா இருக்கா அங்கிள்?” என்று கேட்டாள். புதுசாகச் சேர்ந்த பையன் ஒரு நொடிகூட யோசிக்காமல், “சூப்பர் பாப்பா” என்றான். நான் அவளைக் கூட்டிக்கொண்டு போய் மடிக்கிற இடத்தில் உட்கார வைத்தேன். முந்தியைத் தாடையில் வைத்து அழுத்தியவள், பாதியில் சேலையை நழுவ விட்டுவிட்டாள். செய்முறைப் பகுதி அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“கோடு மாறிப்போச்சு பாப்பா. பிரிச்சுத் திருப்பி மடி.”